ஒரு ராத்திரிக்கு 50 பவுண்டு... லண்டனில் கரன்ட் கட்டில் போட்ட ஜேம்ஸ் கிரஹாம்!

நீங்க 1781-ல் லண்டனில் வாழும் ஒரு பணக்காரத் தம்பதினு ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாச்சு. குழந்தை இல்லை. சொத்துக்கு வாரிசு எங்கேனு சொந்தபந்தம் கேட்குது. டாக்டர் ரத்தத்தை எடுத்துவிடுறார், கசப்பு மருந்து கொடுக்குறார், ஒண்ணும் நடக்கலை. அப்போ ஒரு விளம்பரம் கண்ணில் படுது. பால் மால் தெருவில் ஷோம்பெர்க் ஹவுஸ் என்ற மாளிகை. அதுக்குள்ளே ஒரு கட்டில். மின்சாரம் பாயும் கட்டில். அதில் ஒரே ஒரு ராத்திரி தங்கினால் போதும், குழந்தை நிச்சயம். கட்டணம் 50 பவுண்டு. அந்தக் காலத்து லண்டனில் வீட்டுவேலை செய்த ஒரு பெண்ணுக்கு அது ஐந்தாறு வருஷச் சம்பளம்.

போவீங்களா, மாட்டீங்களா?

சிரிக்காதீங்க. குழந்தைக்காக ஏங்கும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த 50 பவுண்டின் கனம் தெரியும். அந்தக் கனத்தைச் சரியாக எடை போடத் தெரிந்த மனிதர்தான் ஜேம்ஸ் கிரஹாம். சிலர் அவரை உலகின் முதல் செக்ஸாலஜிஸ்ட் என்கிறார்கள். அவர் காலத்து நாடக மேடையோ அவரைப் போலி வைத்தியர்களின் சக்கரவர்த்தியாகக் காட்டியது. ரெண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கு.

முத்தம் கொடுத்தா ஷாக்!

கிரஹாம் பிறந்தது 1745 ஜூன் 23, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். அவர் பிறந்த காலத்தில்தான் ஐரோப்பாவுக்கு மின்சாரப் பைத்தியம் பிடித்திருந்தது. கண்ணாடி உருளையைச் சுழற்றித் தோல் பட்டையில் உரசவிட்டால் மின்னூட்டம் வரும் என்று ஏற்கெனவே தெரியும். 1745-46-ல் அதைச் சேமித்து வைக்க ஒரு வழி கிடைத்தது. அதுதான் லேடன் ஜாடி. உள்ளேயும் வெளியேயும் உலோகத் தகடு சுற்றிய கண்ணாடி ஜாடி. உங்க போன் சார்ஜருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் கொள்ளுத் தாத்தா.

அதை வைத்து என்னென்ன ஆட்டம் போட்டார்கள் தெரியுமா? பிரான்ஸில் நோலே என்ற பாதிரியார் 180 அரசுக் காவலர்களைக் கைகோத்து நிற்கவைத்து, ராஜா கண்முன்னே அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் துள்ளவைத்தார். ஜெர்மனியில் போஸே என்ற பேராசிரியர் இன்னும் ஒருபடி மேலே போனார். ஓர் இளம்பெண்ணைத் தரையோடு தொடர்பில்லாதபடி நிறுத்தி, அவர் உடம்பில் மின்னூட்டம் ஏற்றிவிட்டு, துணிச்சல் இருந்தால் முத்தமிடுங்கள் என்று ஆண்களை அழைத்தார். உதடு நெருங்கும்போது 'படக்'கென்று ஒரு பொறி! மின்சார முத்தம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஆக, காதலையும் கரன்ட்டையும் முடிச்சுப் போடும் யோசனை கிரஹாமுடையது அல்ல. அவர் தொட்டிலில் கிடந்தபோதே அது ஊரெல்லாம் பரவியிருந்தது.

எடின்பரோவில் மருத்துவம் படித்தார். அன்றைக்கு உலகத்திலேயே சிறந்த மருத்துவப் பள்ளிகளில் ஒன்று அது. ஆனால், பட்டம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை. அதற்காக டாக்டர் என்று போட்டுக்கொள்ளாமல் இருக்கவில்லை. யார்க்ஷயரில் மருந்துக்கடை வைத்தார், கல்யாணம் செய்துகொண்டார், 1770-களின் தொடக்கத்தில் கப்பலேறி அமெரிக்கா போனார். கண், காது ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்.

ஃபிலடெல்ஃபியாதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பெஞ்சமின் ஃப்ராங்க்ளினின் ஊர். ஃப்ராங்க்ளினின் கூட்டாளி எபனேசர் கின்னர்ஸ்லி அங்கே மின்சாரத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த கிரஹாமுக்கு ஒன்று பிடிபட்டது. மக்கள் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், வாய் பிளக்கிறார்கள், காசும் கொடுக்கிறார்கள்.

மின்சார வைத்தியம் அப்போது வெறும் ஃபிராடு வேலை கிடையாது. இதைச் சொல்லாவிட்டால் கிரஹாமுக்கு அநியாயம் செய்த மாதிரி ஆகிடும். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே 1760-ல் மின்சார சிகிச்சை பற்றிப் புத்தகம் போட்டிருந்தார். லண்டனின் மிடில்செக்ஸ் மருத்துவமனை 1767-ல் காசு கொடுத்து ஒரு மின்சார மெஷின் வாங்கியது. நல்ல மனிதர்களும் நம்பிய விஷயம்தான் அது. கிரஹாம் அதை நம்பியதோடு நிற்கவில்லை. செட் போட்டு, லைட் போட்டு விற்றார்.

தம்பி கல்யாணமும் தெருப் பேச்சும்

இங்கிலாந்து திரும்பியவர், பணக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போகும் பாத் நகரில் கடை விரித்தார். அங்கே அவரிடம் வந்தவர் கேத்தரின் மெக்காலே. இங்கிலாந்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிப் பேர் வாங்கிய பெண். அவருடைய நோயாளி என்பதே கிரஹாமுக்குப் பெரிய விளம்பரம். 1778-ல் வந்தது ட்விஸ்ட். 47 வயது மெக்காலே, கிரஹாமின் தம்பி வில்லியமைக் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு வயது 21. நாடே சிரித்தது. மெக்காலேயின் மரியாதைக்கு அதிலிருந்து மீளமுடியாத அடி. ஆனால் கிரஹாமின் பெயர் எல்லோர் வாயிலும் வந்தது. இதே வயசு வித்தியாசத்தில் ஆண் பெரியவராக இருந்திருந்தால் யாராவது மூச்சு விட்டிருப்பார்களா என்ன?

1780-ல் தேம்ஸ் நதியைப் பார்த்த அடெல்ஃபி கட்டடத்தில் 'டெம்பிள் ஆஃப் ஹெல்த்' திறந்தார். ஆரோக்கியக் கோயில். வாசலில் தங்கப் பட்டை வைத்த தொப்பியோடு ரெண்டு பிரமாண்டமான ஆட்கள். நோட்டீஸ் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. உள்ளே நுழைந்தால், குணமானவர்கள் விட்டுப்போனவை என்று சொல்லி ஊன்றுகோல்கள், கைத்தடிகள், காதுக் குழாய்கள். அடுத்தடுத்த அறைகளில் மின்னும் கண்ணாடிக் குழாய்கள், உருளைகள், பொறி பறக்கும் உலோகக் கம்பிகள், வாசனைப் புகை, இசை. மெல்லிய உடையில் ஆரோக்கிய தேவதைகளாக நிற்கும் இளம்பெண்கள். பின்னாளில் நெல்சனின் காதலியாக உலகம் அறிந்த எம்மா ஹாமில்டன், பதினைந்து வயதில் இப்படி ஒரு தேவதையாக இங்கே நின்றார் என்று ஒரு கதை இன்றுவரை சுற்றுகிறது. ஆதாரம் கிடையாது. ஆனாலும் கதை சாக மறுக்கிறது.

கிரஹாமின் முக்கிய ஐட்டம், இனப்பெருக்கம் பற்றிய லெக்சர். ஆணும் பெண்ணும் டிக்கெட் எடுத்துக் கேட்டார்கள். முடிக்கிற நேரத்தில் ஒரு வேலை செய்வார். இருக்கைக் குஷனுக்கு அடியில் ஒளித்துவைத்த கம்பிகள் வழியாக அத்தனை பேருக்கும் லேசாக ஒரு ஷாக்! அலறி எழுந்தவர்களுக்கு முன்னால், தரைக் கதவைத் திறந்துகொண்டு பேய் மாதிரி ஓர் உருவம் கையில் மருந்து பாட்டிலோடு மேலே வரும். பாட்டிலும் விற்கும்.

அந்த லெக்சரில் அவர் என்ன சொன்னார் என்பது ஷாக்கைவிடச் சுவாரஸ்யம். தாம்பத்யத்தில் இன்பம் என்பது அசிங்கமில்லை, ரெண்டு பேருக்கும் அது வேணும் என்றார். அந்தரங்க உறுப்புகளைத் தினமும் குளிர்ந்த தண்ணீரில் கழுவச் சொன்னார். குளிப்பதே அரிதான காலம் அது. ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கு, மாமிசத்தைக் குறை, மதுவைக் குறை, தினமும் ஒரே படுக்கையில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் ஆசை செத்துவிடும், தனிக் கட்டில் போட்டுக்கொள் என்றார். இன்றைக்கு ஒரு மேரேஜ் கவுன்சலர் சொன்னாலும் தலையாட்டுவோம்.

இன்னொரு பக்கம், சுய இன்பம் உடம்பையும் மூளையையும் அழித்துவிடும் என்று பயமுறுத்தினார். அது தப்பு. அதனால் நரம்புத் தளர்ச்சியோ, மலட்டுத்தன்மையோ வராது என்பது இன்றைய மருத்துவத்துக்குத் தெரியும். ஆனால், முதலில் குற்ற உணர்ச்சியை ஏற்றிவிட்டு, பிறகு அதற்கு மருந்து விற்கும் அந்த டெக்னிக் மட்டும் சாகவே இல்லை. பஸ் ஸ்டாண்டு சுவர் போஸ்டர்களைப் பாருங்க, புரியும்.

அந்தக் கட்டில்

1781-ல் பால் மாலுக்கு இடம் மாறினார். பக்கத்துப் பகுதியில் குடியிருந்தவர் யார் தெரியுமா? ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ. சுவருக்கு இந்தப் பக்கம் பிரபுக்களின் மனைவிகள் ஓவியத்துக்கு போஸ் கொடுத்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் வைக்கப்பட்டது 'செலஸ்டியல் பெட்'. தேவலோகக் கட்டில்.

நீளம் 12 அடி, அகலம் 9 அடி. பளபளக்கும் 40 கண்ணாடித் தூண்கள் தாங்கி நின்றன. மேலே கவிந்த கூரையின் உள்பக்கம் முழுக்கக் கண்ணாடிகள். அதிலிருந்து வாசனை இறங்கும். உச்சியில் காதல் தேவதைகளின் சிலைகள், கூடவே உயிருள்ள ஒரு ஜோடிப் புறாக்கள். மெத்தைக்குள் பஞ்சுக்குப் பதில் புது வைக்கோல், ரோஜா இதழ், லாவெண்டர், அத்தோடு வீரியமான ஆண் குதிரைகளின் வால் முடி! கட்டிலோடு சேர்ந்து சுமார் 750 கிலோ காந்தம். படுக்கையைச் சாய்க்கவும் வசதி உண்டு. உள்ளிருப்பவர்களின் அசைவுக்கு ஏற்ப ஆர்கன் குழாய்கள் இசைக்கும். தலைமாட்டில், பலுகிப் பெருகும்படி மனிதர்களுக்கு பைபிள் இட்ட கட்டளை பொறிக்கப்பட்டிருந்தது. மின்சார மெஷின் பக்கத்து அறையில். அங்கிருந்து கண்ணாடிக் குழாய் வழியாக 'தேவலோக நெருப்பு' கட்டிலுக்கு வரும்.

தம்பதி தனி வாசல் வழியாக வரலாம். பெயர் கேட்கக் கூடாது, வேலைக்காரர்கள் முகம் பார்க்கக் கூடாது என்பது விதி. பிரைவசிக்கு நல்ல ஏற்பாடு. அதே ஏற்பாட்டால் இன்னொரு லாபமும் இருந்தது. பெயரே இல்லாத கஸ்டமர், குழந்தை பிறக்கவில்லை என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? அந்தக் காலத்தில் குழந்தை இல்லை என்றால் பழி பெண் தலையில்தான் விழும். அந்த வாசல் வழியாக நுழைந்து, மாதம் திரும்பியும் எதுவும் மாறாத ஒரு பெண்ணுக்கு வாயைத் திறக்கவே முடிந்திருக்காது.

சரி, மின்சாரம் உண்மையில் என்ன செய்தது? கொஞ்சம் சயின்ஸ் பேசலாம், பொறுத்துக்கோங்க.

கிரஹாமிடம் இருந்தது உராய்வில் வரும் நிலைமின்சாரம் மட்டுமே. கண்ணாடித் தூண்கள் அழகுக்கு மட்டுமல்ல. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் கட்டிலில் ஏறிய மின்னூட்டம் தரைக்கு ஓடிப்போகாது. கட்டிலில் படுத்த ரெண்டு பேர் உடம்பிலும் ஒரே அளவு மின்னூட்டம் ஏறும். தலைமுடி கொஞ்சம் சிலிர்த்து நிற்கலாம். அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒரே அளவில் இருப்பதால், அவர்கள் தொட்டுக்கொண்டால் பொறிகூட வராது. பொறி வரணும்னா, வெளியே தரையில் நிற்கும் மூன்றாவது ஆள் வந்து தொடணும். அந்த நேரத்தில் யார் அதை விரும்புவார்கள்?

நரம்பு எப்போது முழிச்சுக்கும்னா, மின்சாரம் உடம்புக்குள் ஓடும்போது, அதுவும் அதன் அளவு மாறும்போது. சும்மா ஏறி உட்கார்ந்திருக்கும் மின்னூட்டம் நரம்புக்குத் தெரியவே தெரியாது. லேடன் ஜாடியின் ஷாக் தெரியும், ஆனால் அது ஒரே அடி, சுளீர்னு முடிஞ்சிடும். மெதுவாக, வேகமாக, மென்மையாக என்று வித்தியாசப்படுத்த கிரஹாம் கையில் எந்தத் திருகும் இல்லை. தொடர்ந்து ஓடும் மின்சாரம் தரும் வோல்டாவின் பேட்டரி வந்ததே 1800-ல்தான். திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை உண்டாக்க 1831-ல் ஃபாரடே வந்தாக வேண்டியிருந்தது.

நூறு வருஷம் கழித்து, 1890 வாக்கில், பிரான்ஸில் தார்சொன்வால் என்ற விஞ்ஞானி அந்தத் திருகைத் திருப்பிப் பார்த்தார். மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டம் வரை தசை துடிப்பது அதிகமானது. சில ஆயிரத்தைத் தாண்டியதும் குறைய ஆரம்பித்தது. பத்தாயிரத்தையெல்லாம் தாண்டிப் போனால் நரம்பு கண்டுகொள்வதே இல்லை, உடம்பு சூடாவது மட்டும்தான் மிச்சம். அதாவது நரம்புக்கும் ஒரு கேட்கும் எல்லை இருக்கு, காது மாதிரியே. வலி குறைக்க பிசியோதெரபியில் ஒட்டும் டென்ஸ் மெஷின், பெரும்பாலும் நொடிக்கு 1 முதல் 150 துடிப்புக்குள் வேலை செய்கிறது. அலையின் வடிவமும் முக்கியம். அலை சட்டென்று எகிறினால் நரம்பு சட்டென்று பதில் சொல்லும். ரொம்ப மெதுவாக ஏறினால் அதற்குள் பழகிவிடும். ஒரே திசையில் மட்டும் தொடர்ந்து ஓடினால் தோல் புண்ணாகும்.

படுக்கையறைக்கென்றே மின்தூண்டல் கருவிகள் இன்று வெளிநாடுகளில் விற்கின்றன. பாட்டு சிக்னலையே தூண்டலாக மாற்றுபவைகூட உண்டு. அசைவுக்கு ஏற்ப இசை என்று கிரஹாம் போட்ட கணக்கை, இவை இசைக்கு ஏற்ப துடிப்பு என்று தலைகீழாக்கிவிட்டன. இது மாதிரி எதைப் பார்த்தாலும் ரெண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்: நெஞ்சுக்குக் குறுக்கே மின்சாரம் ஓடக் கூடாது, இதயத்தின் தாளம் தப்பிப்போகும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது. வீட்டு பிளக்கிலிருந்து சொந்தமாக வயர் இழுத்து எதையாவது செய்து பார்ப்பது தற்கொலைக்குச் சமம்.

அப்படின்னா கட்டில் யாருக்குமே பலன் தரலையா? என் கணக்கு இது: வருஷக்கணக்காகப் பழி சுமந்து, படுக்கையையே பரீட்சை ஹாலாகப் பார்த்துக்கொண்டிருந்த ரெண்டு பேருக்கு, யாரும் தொந்தரவு செய்யாத ஒரு முழு ராத்திரி, நல்ல வாசனை, இசை. ஆசை திரும்பி வர அது போதும். குழந்தைக்கு அது உத்தரவாதம் இல்லை. ஆனால் கிரஹாம் வாங்கிய காசு உத்தரவாதத்துக்கு.

சரிவு

லண்டன் பார்த்தது, ரசித்தது, சிரித்தது. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் கோயிலுக்கு வந்துவிட்டு, வெட்கமில்லாத ஏமாற்று என்ற ரீதியில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஹேமார்க்கெட் தியேட்டரில் 1780-லேயே அவரைக் கிண்டலடித்து நாடகம் வந்தது. கூட்டம் வந்தாலும் செலவு அதைவிட வேகமாக வந்தது. கண்ணாடி, கில்ட்டு, மாளிகை வாடகை, விளம்பரம்... நுழைவுக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனார். கடன் கழுத்தை நெரித்தது. 1784-க்குள் கட்டில் உட்பட எல்லாம் விலைக்கு வந்துவிட்டது.

அதற்கு நடுவில், 1783-ல் சொந்த ஊரான எடின்பரோவில் லெக்சர் கொடுக்கப் போனார். ஆபாசம் என்று நகர நிர்வாகம் தடை போட்டது. சும்மா இருப்பாரா? அதிகாரிகளைத் திட்டி அச்சடித்து வெளியிட்டார். டோல்பூத் சிறையில் போட்டார்கள். அங்கேயும் கைதிகளைக் கூட்டிவைத்துப் பிரசங்கம் செய்தார்.

மின்சாரம் கைவிட்டதும் மண்ணைப் பிடித்தார். உண்மையாகவே மண். உடம்பைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துக்கொண்டால் நோயெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்றார். லண்டனின் பேன்டன் தெருவில், தோட்டத்து மண்ணில் நிர்வாணமாகப் புதைந்து, தலை மட்டும் வெளியே தெரிய லெக்சர் கொடுத்தார். பக்கத்தில் அதேபோல ஓர் இளம்பெண்ணும். ரெண்டு பேர் தலைமுடியிலும் பவுடர் போட்டு அலங்காரம். பார்த்த ஒருவருக்கு, நன்றாக விளைந்த ரெண்டு காலிஃபிளவர் ஞாபகம் வந்ததாம்.

அதன்பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பு நின்றுபோகும். 1787 வாக்கில் மதம் அவரைப் பிடித்துக்கொண்டது. தனக்கென்று ஒரு புதிய ஜெருசலேம் சபை தொடங்கி, அன்றிலிருந்து புது ஆண்டுக் கணக்கு போட்டார். கையெழுத்துக்குப் பிறகு ஆங்கிலத்தில் ஆந்தை என்று படிக்கும் மூன்றெழுத்தைச் சேர்த்துக்கொண்டார். அற்புதமான அன்பே என்பதன் சுருக்கமாம். ஈதரை முகர்ந்து முகர்ந்து அதற்கு அடிமையானார். தெருவில் ஓடிப்போய், எதிர்ப்பட்ட பிச்சைக்காரருக்குத் தன் உடைகளைக் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்று கவிஞர் ராபர்ட் சவுதி எழுதிவைத்திருக்கிறார். அடுத்தவர் பர்ஸைத் திறக்கவைத்தே வாழ்ந்த மனிதர், கடைசியில் தன்னிடம் இருந்த சட்டையையும் வைத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. ஏமாற்றுக்காரர் என்று முழுசாக எழுதிவிட முடியாதபடி, சொன்னதையெல்லாம் அவரே நம்பித்தொலைத்தாரோ?

1792 டிசம்பர் 31-லிருந்து 1793 ஜனவரி 15 வரை வெறும் குளிர்ந்த தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்தார். உடைக்குப் பதில் புல்லோடு வெட்டிய மண் கட்டிகளை உடம்பில் வைத்துக்கட்டிக்கொண்டார். அதையும் ஒரு சிறு நூலாக அச்சடித்தார். இப்படி வாழ்ந்தால் நீண்ட ஆயுள் கிடைக்கும் என்பது அதன் விஷயம்.

அடுத்த வருஷம், 1794 ஜூன் 23, எடின்பரோ வீட்டில் திடீரென்று இறந்துபோனார். அன்றைக்குத்தான் அவருக்கு 49 வயது நிறைந்தது.